ஏழாவது கேள்விக்கு மூன்று பதில்

மனைவி வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து வந்த தாளில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. அந்த வார்த்தைக்கு வந்து சேரவே, தொண்ணூறு என்று எல்லோரும் கூப்பிடுகிற அவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அவர் எழுத்துக் கற்றுக்கொண்டது நாற்பது வயதுக்கு மேல். இன்னமும் விரலை வைத்துத்தான் படிப்பார். விரல் நின்றால் கண்ணும் நின்றுவிடும்.

‘பயிற்சி முழுமையாகப் பெற்றிருந்தும், மூடிய தொட்டிக்குள் இறங்கக் கூடாது என்ற விதியை அறிந்தே மீறி...’

விரல் ‘அறிந்தே’யில் நின்றது.

“கீழே ஒரு கையெழுத்துண்ணே. அவ்வளவுதான் வேலை,” என்றார் குமாஸ்தா. பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். தொண்ணூறின் மகள் வைத்த டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. “நீங்க போட்டுட்டா ஃபைலை மூடிடுவாங்க. பணியில உயிர் விட்டவங்க பலகை இருக்குல்ல, வாசல்ல, அதுல அக்கா பேரு ஏறிடும். பெயின்டருக்குக்கூடச் சொல்லியாச்சு.”

“இந்தத் தாள் இங்கேயே இருக்கட்டும். நாளைக்கு நானே கொண்டாறேன்.”

“நாளைக்கு விசாரணைக்குப் பெரிய மேடம் தலைமையிடத்துலருந்து வர்றாங்க. அதுக்குள்ள...”

“அவங்ககிட்டயே குடுக்கிறேன்.”

குமாஸ்தா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். டீயைக் குடிக்காமலேயே அவர் எழுந்து போனார்.

தொண்ணூறு என்பது கிடங்கில் வைத்த பெயர். கல்யாணமான புதிதில், தொண்ணூறு கிலோ மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லாரிப் பலகையில் ஏறிக் காட்டினார். பந்தயம் கட்டியவர்கள் எல்லாம் ஓய்ந்து போய்விட்டார்கள், பெயர் மட்டும் தங்கிவிட்டது. இடுப்புவலியும் தங்கிவிட்டது. அவர் மனைவி அப்போது சுற்றுச்சூழல் அமலாக்க அலுவலகத்தில் கடைநிலை ஊழியர். ஃபைல் தூக்குகிற வேலை. “நீயும் சுமை, நானும் சுமை. உன்னோடது கொஞ்சம் இளைச்ச சுமை,” என்று இவர் சிரிப்பார். அவள் சிரித்துக்கொண்டே பரீட்சைக்கு மேல் பரீட்சையாக எழுதினாள். எழுத்தரானாள், உதவியாளரானாள், பதினெட்டு வருஷத்தில் கள ஆய்வாளரும் ஆகிவிட்டாள். கழிவுத் தண்ணீரைத் திருட்டுத்தனமாக வாய்க்காலில் விடுகிற ஆலைகளைப் பிடிப்பதும், மாதிரி எடுப்பதும், சீல் வைப்பதும் அவள் வேலை. தெருவில் அவள் இன்ஸ்பெக்டரம்மா. வீட்டில் இவர் ‘மேடம்’ என்பார். அவள் பதிலுக்கு ‘வாத்தியாரே’ என்பாள்.

அந்த வாத்தியார் பட்டம் வந்த கதை வேறு. எழுத்துக் கற்றுக் கொடுத்தவள் அவள். சாக்கு கிழியாமலிருக்க மூட்டையில் மை கொண்டு அச்சடித்திருக்கும் ‘கொக்கி போடாதே’ என்ற இரண்டு வார்த்தைதான் அவருக்கு முதல் பாடம். இருபது வருஷமாகத் தோளில் சுமந்த எழுத்து, ஒருநாள் பேசத் தொடங்கிவிட்டது. அன்றைக்குக் கிடங்கில் ஒவ்வொரு மூட்டையாக நின்று வாசித்தார். மேஸ்திரி, “தொண்ணூறு, வாசிச்சா எடை குறையுமா?” என்று கத்தினார்.

அப்புறம்தான் போனில் பாடம் வந்தது.

முன்னெல்லாம் அமலாக்க அதிகாரிகளுக்குப் பயிற்சி என்றால் பத்து நாள் வெளியூரில் தங்கிப் படித்துவிட்டு வருவார்கள். அதை நிறுத்திவிட்டு, இனிமேல் எல்லாம் போனிலேயே என்றார்கள். வாரத்துக்கு ஒரு பாடம். கொஞ்சம் படம், கொஞ்சம் எழுத்து, கடைசியில் பத்துக் கேள்வி. பத்துக்குப் பத்து வாங்கினால்தான் பச்சை. ஞாயிறு சாயங்காலத்துக்குள் முடிக்காதவர் பெயர் அலுவலகக் குழுவில் சிவப்பாக வரும். திங்கட்கிழமை மேலதிகாரி அந்தச் சிவப்பை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார்.

கள ஆய்வாளருக்கு வாரத்தில் ஆறு நாள் வெயிலும் வாடையும். ஏழாவது நாள்தான் தூக்கம். அவள் சமையலறைத் தரையில் பாயை விரித்து, கால் வீக்கத்துக்கு இரண்டு தலையணையை முட்டுக் கொடுத்துப் படுத்துவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் போனோடு அப்படியே தூங்கிவிட்டாள். பாடம் பாதியில் நின்றது. தொண்ணூறு அதைக் கையில் எடுத்தார். எழுத்தைத் தொட்டால் வாசித்துக் காட்டுகிற பொத்தான் ஒன்று இருந்தது. தொட்டார், கேட்டார், மறுபடி விரல் வைத்து வாசித்தார். மூன்று மணி நேரம் கழித்துப் பத்துக்குப் பத்து. அவள் எழுந்து பார்த்தால் போன் பச்சையாகச் சிரிக்கிறது.

“யாருய்யா போட்டது?”

“நான்தான்.”

“வாத்தியாரே!” என்றாள் அவள். அன்று பிடித்தது அந்தப் பெயர்.

தப்புதான். தப்பென்று இருவருக்கும் தெரியும். ஆனால் அந்த அலுவலகத்தில் தன் பாடத்தைத் தானே படித்தவர் யார் என்று கேட்டால் கை தூக்க ஆளில்லை. ஒருவருக்கு மகன், இன்னொருவருக்குத் தங்கை. மேலதிகாரிக்கு அவர் மாமியார் என்று பேச்சு. “அந்தம்மா இருபது பாடம் தேறிட்டாங்களாம். இனிமே சுருக்குப்பையோட தனியாவே போய் ஆலைக்குச் சீல் வைக்கலாம்,” என்று ஜீப் டிரைவர் சொல்லுவான்.

ஆனால் மற்ற வீடுகளில் இல்லாத வழக்கம் ஒன்று இந்த வீட்டில் உண்டு. பாடம் திறக்க முகம் காட்ட வேண்டும், கண் சிமிட்ட வேண்டும். தொண்ணூறு பாயருகே குனிந்து போனைப் பிடிப்பார். “மேடம், கண்ணைத் திற. ஒரே ஒரு சிமிட்டு.” அவள் திறப்பாள், சிமிட்டுவாள், திரும்பப் படுத்துவிடுவாள். சாயங்காலம் அவள் எழுந்து டீ குடிக்கும்போது அவர் அன்றைய பாடத்தைக் கதையாகச் சொல்லுவார். மாதிரிப் புட்டியில் எவ்வளவு நிரப்ப வேண்டும், ஆலைக்காரன் வாசலில் மறித்தால் என்ன பேச வேண்டும், எல்லாவற்றையும் கிடங்கு ஆட்களின் பெயரைப் போட்டு நடித்துக் காட்டுவார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். மறுநாள் களத்தில் அதையே செய்வாள். “போன்ல படிச்சா மறந்துபோகுது. நீ சொன்னா நிக்குது,” என்பாள்.

இருபத்திரண்டு ஞாயிறு அப்படிப் போனது.

இருபத்து மூன்றாவது பாடம் மூடிய தொட்டியும் குழியும் பற்றியது. ஆறு கேள்வி சரசரவென்று போய்விட்டது. ஏழாவது, தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுந்து கிடக்கிறார், முதலில் என்ன செய்வீர்கள் என்றது. தொண்ணூறு யோசிக்கவே இல்லை. உள்ளே இறங்கித் தூக்குவேன் என்பதைத் தொட்டார். மூட்டை தூக்குகிறவனுக்கு வேறென்ன தோன்றும்? சிவப்பு விழுந்தது. முதலிலிருந்து ஆரம்பி என்றது போன். மறுபடி ஆறு கேள்வி. ஏழாவதில் மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு இறங்குவேன் என்பதைத் தொட்டார். அதுவும் சிவப்பு. ‘ஈரத்துணி விஷவாயுவைத் தடுக்காது. ஒருவரைக் காப்பாற்ற இறங்குபவரே அடுத்துச் சாகிறார்’ என்று எழுத்து ஓடியது. மூன்றாவது சுற்றில்தான் பச்சை.

அவருக்கு ஆத்திரமாக வந்தது. வாத்தியார் இரண்டு தடவை தோற்றதே இல்லை. விழுந்தவனை விட்டுவிட்டு வெளியே நிற்கச் சொல்கிற இது என்ன பாடம் என்று எரிச்சல் வேறு.

அவள் எழுந்து தம்ளரை வாங்கிக்கொண்டு, “என்ன வாத்தியாரே, இன்னைக்கு என்ன கதை?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. பழைய கதைதான்.”

“சொல்லேன்.”

“ஒண்ணுமில்லங்கிறேன்ல. குடிச்சிட்டுப் படு.”

ஒன்பது நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் ஒரு சாய ஆலைக்குச் சோதனைக்குப் போனாள். ஜீப்பின் சத்தம் கேட்டதும், திருட்டுக் குழாயை அடைக்க ஒரு தொழிலாளி கழிவுத் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறான். இவள் போய்ப் பார்க்கும்போது மூடி திறந்து கிடந்தது. கீழே அவன் குப்புறக் கிடந்தான். டிரைவர்தான் பின்னால் வீட்டுக்கு வந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, அதையெல்லாம் சொன்னான்.

“‘இதைப் பிடிங்க தம்பி’ன்னு பையை என் கையில குடுத்தாங்க மாமா. பாட்டில்ல இருந்த தண்ணியில கைக்குட்டையை நனைச்சு மூக்கைச் சுத்தி இறுக்கிக் கட்டிக்கிட்டாங்க. ஏணியில இறங்கினாங்க. ஆறு படியோ ஏழு படியோ. அப்புறம் ஏணியில ஆள் இல்ல. நான் ஓடினேன். வாட்ச்மேன் என் சட்டையைப் பிடிச்சு இழுத்துக் கீழே தள்ளிட்டான்.”

கைக்குட்டை என்றதும் தொண்ணூறு அப்படியே உட்கார்ந்துவிட்டார். துக்கத்தில் உட்கார்ந்ததாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

இருவரையும் பிணமாகத்தான் எடுத்தார்கள். பையும் போனும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தன. வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அலமாரிக்குள்ளிருந்து போன் கூப்பிட்டது. இந்த வாரப் பாடம் காத்திருக்கிறது, முகத்தைக் காட்டவும் என்றது. தொண்ணூறு அதைக் கையில் வைத்துக்கொண்டு, அது தானாக அணைகிற வரைக்கும் நின்றார்.

குமாஸ்தா போன பிறகு மகள் டீத் தம்ளரை எடுத்தாள். மருந்துக் கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு. அழுது அழுது முகம் தடித்திருந்தது.

“ஏம்ப்பா கையெழுத்துப் போடல?”

“உங்கம்மா தெரிஞ்சே பண்ணினான்னு எழுதியிருக்காங்க.”

“ஒரு வார்த்தைப்பா. ஃபைலுக்குள்ள கிடக்கப் போகுது. யார் அதைப் படிக்கப் போறாங்க?”

“நான் படிச்சிட்டேனே.”

அவள் தம்ளரிலிருந்த டீயை வாசலில் ஊற்றினாள். பிறகு, “என்ன சொல்லப் போறீங்க அங்கே?” என்றாள்.

“பாடத்தை நான் போட்டேன், அவ போடலன்னு.”

“அப்பா! அம்மா பேரு பலகையில வராது. ஏமாத்திப் பாஸ் பண்ணினவன்னு எழுதுவாங்க. அந்த ஆபீஸ்ல பெருக்கி, துடைச்சு, அங்கேயே ஜீப்புல ஏறினவங்கப்பா எங்கம்மா. வாசல்ல அவங்க பேரு இருக்கணும். தினமும் பஸ்ல போறப்ப நான் பார்க்கணும்.” தம்ளரைத் தரையில் வைத்தாள். “நீங்க சொல்லாம இருந்தா யாருக்கும் தெரியாது.”

‘சொல்லாம இருந்தா’ என்பது அவர் நெஞ்சில் போய்த் தைத்தது. சொல்லாமல் இருந்ததில்தானே இவ்வளவும்.

மறுநாள் கிடங்குக்குப் போகாமல், துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். மகளும் கூட வந்தாள், பேசாமல் வந்தாள். விசாரணை மேடத்துக்கு நல்ல ஜலதோஷம், மூக்கில் கைக்குட்டையோடு இருந்தார். அந்தக் கைக்குட்டையைப் பார்க்காமலிருக்கத் தொண்ணூறு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் மேலதிகாரி.

தாளை மேசைமேல் வைத்து, பாடம் போட்டது தான் என்பதையும் அதை அவளுக்குக் கதையாகச் சொல்லி வந்ததையும் சொன்னார். மேலதிகாரி சிரிக்காமலிருக்கப் பாடுபட்டார்.

“மேடம், இவரு கிடங்குல மூட்டை தூக்குறவரு. துக்கத்துல ஏதோ பேசுறாரு. அமலாக்கப் பாடம்னா பட்டதாரிங்களே திணறுறாங்க.”

“உங்க மனைவி பேரைக் காப்பாத்த நினைக்கிறீங்க. எனக்குப் புரியுதுங்க,” என்றார் மேடம். “ஆனா பதிவுல அவங்க முகம் இருக்கு.”

“முகம் அவளோடது. விரல் என்னோடது. கேட்டுப் பாருங்க.”

மேடம் மடிக்கணினியைத் திறந்தார். “ஒன்பதாவது பாடம். மாதிரிப் புட்டிக்கு எப்போ சீல் வைக்கணும்?”

“ஆலைக்காரன் கண்ணு முன்னால. அவன் கையெழுத்து வாங்கின பிறகு. மறுத்தா மறுத்தான்னு எழுதி, ரெண்டு சாட்சி.”

“பதினாலு. ஆவணத்தைக் கிழிச்சா?”

“பிடுங்கக் கூடாது. கிழிச்ச துண்டைப் படம் பிடிக்கணும், நேரத்தைச் சொல்லிக்கிட்டே.”

மேலதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “அந்தம்மா வீட்ல பேசியிருப்பாங்க மேடம். கேட்டது மனசுல நின்னிருக்கும். கிளி சொல்றது இல்லையா?”

தொண்ணூறு அவர் பக்கம் திரும்பினார். கோபம் வரவில்லை. அந்த ஆளே தனக்கு ஒரு வழி திறந்துவிட்டதாகத்தான் தோன்றியது.

“சரியான பதிலை யாரும் யாருக்கும் சொல்லலாம் சார். தப்பான பதிலைச் சொல்ல மாட்டாங்க.” மேடத்தைப் பார்த்தார். “இருபத்து மூணாவது பாடம். அதுல மூணு தடவை போட்டிருக்கும். தப்பாப் போட்டது உங்ககிட்ட பதிவாகியிருக்குமா?”

மேடம் தேடினார். மேசைமேல் விரல் தட்டுகிற சத்தம் மட்டும். பிறகு திரையைத் தன் பக்கமாக நன்றாகத் திருப்பிக்கொண்டார். “இருக்கு. சொல்லுங்க.”

“ஏழாவது கேள்வி. தொட்டிக்குள்ள ஒருத்தர் விழுந்து கிடக்கிறார். முதல் தடவை, உள்ளே இறங்கித் தூக்குவேன்னு போட்டேன்.”

மேடத்தின் கண் ஒரு வரி கீழே இறங்கியது.

“ரெண்டாவது, ஈரத்துணியை மூக்குல கட்டிக்கிட்டு இறங்குவேன்னு போட்டேன்.”

இன்னொரு வரி.

“மூணாவது, நானும் இறங்க மாட்டேன், யாரையும் இறங்க விடமாட்டேன், தீயணைப்பைக் கூப்பிடுவேன்.”

மேடம் ஜலதோஷத்தை மறந்துபோனார். கைக்குட்டை மடியில் விழுந்து கிடந்தது. “மத்த பாடமெல்லாம் அவங்களுக்குச் சொன்னீங்கன்னு சொன்னீங்க. இதை ஏன் சொல்லல?” என்று கேட்டார். விசாரணைக் கேள்வியாக அது ஒலிக்கவில்லை.

“ரெண்டு தடவை தோத்துட்டேன் மேடம். வெட்கமா இருந்துச்சு. அவ என்னை வாத்தியார்னு கூப்பிடுவா.”

மேலதிகாரி பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

“அவ கைக்குட்டையை நனைச்சுக் கட்டிக்கிட்டு இறங்கியிருக்கா. டிரைவர் பார்த்திருக்கான். விதி தெரிஞ்சு மீறுறவ எதுக்கு நனைக்கணும்? அது என்னோட ரெண்டாவது பதில் மேடம். நான் அங்கே தப்புப் பண்ணினப்ப போன் சிவப்பாகி, மறுபடி போடுன்னு சொல்லிச்சு. அவளுக்கு யாரும் சொல்லல. அந்த ‘அறிந்தே’ங்கிறதை மட்டும் எடுத்துருங்க. அறியலன்னு எழுதுங்க. அறிஞ்சவன் நான்.”

மேடம் தாளை இழுத்து, அந்த வார்த்தையின் மேல் கோடு போட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார், “இப்படி மாத்தினா, பயிற்சி பெறாம பெற்றதாக் காட்டினாங்கன்னும் சேர்த்து எழுதணும். பலகையில பேரு...”

“தெரியும்.”

“உங்க மகளுக்கு?”

தொண்ணூறு திரும்பிப் பார்த்தார். மகள் அறையில் இல்லை.

வாசலில், அந்தப் பலகைக்குக் கீழே நின்றிருந்தாள். கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து. ஐந்து பெயர். ஆறாவதுக்குப் பெயின்டர் சாக்பீசால் இரண்டு கோடு இழுத்துவைத்திருந்தான், எழுத்து கோணாமலிருக்க. கோடுகளுக்கு நடுவில் ஒன்றுமில்லை. தொண்ணூறு பக்கத்தில் போய் நின்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஒரே இருக்கை கிடைத்தது. நாலு நிறுத்தம் கழிந்தது. ஐந்தாவதில் மகள் அவர் கையைப் பிடித்தாள். மூட்டை தேய்த்த கை, உள்ளங்கை பலகை மாதிரி இருக்கும்.

“அப்பா, நான் சொல்றேன் கேளுங்க. நீங்க சொல்லியிருந்தாலும் அம்மா இறங்கியிருப்பாங்க. ஒரு ஆள் விழுந்து கிடந்தா பார்த்துக்கிட்டு நிக்கிறவங்களா அவங்க? உங்க மேல ஒண்ணுமில்லப்பா. விட்டுடுங்க.”

அவள் மனசாரச் சொன்னாள். மன்னிப்பாகத்தான் சொன்னாள். காலையிலிருந்து பேசாத பெண், வீடு போய்ச் சேர்வதற்குள் அப்பாவின் தோளிலிருந்து அந்தச் சுமையை இறக்கிவிடப் பார்க்கிறாள். தலையை ஆட்டிவிட்டால் போதும். தொண்ணூறுக்கும் ஆட்டத்தான் ஆசை. கழுத்து அசையவில்லை. ஆட்டினால், சற்றுமுன் கோடு போட்டு அடித்த வார்த்தையை அவரே திரும்ப எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

“இல்லம்மா,” என்றார். “கைக்குட்டையை நனைச்சிருக்காளே. சாகப் போறவ நனைக்க மாட்டா. பத்திரமா இறங்கி, பத்திரமா ஏறிடலாம்னு நினைச்சிருக்கா.” ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். “நான் சொல்லியிருந்தா நின்னிருப்பா. நான் சொன்னது எதையும் அவ மறந்ததில்ல.”

மகள் கையை விடவில்லை. இறங்க வேண்டிய இடம் வந்தபோது அவளே எழுந்து, அவர் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவதற்காகக் காத்திருந்தாள்.